பழைய மோட்டார் வண்டியும் மேன்முறையீடும்

முன்னொரு காலத்தில் என்னிடம் பிரவேச பண்டித வகுப்பிற் பாடங்கேட்ட மாணாக்கர் ஒருவர் அண்மையில் ஒரு மாலைப்பொழுதில் வீடு தேடி வந்தார். இன்று அவரும் ஓர் ஆசிரியர். கையிலே ஒரு கடதாசிக் கோவை. முகத்திலே பலநாள் உறங்காத சோர்வு. "பண்டிதர் ஐயா, வழக்குத் தோற்றுப் போயிற்று. மேன்முறையீடு செய்யலாமா என்று காண்பவர் எல்லாரிடமும் கேட்கிறேன். உங்களிடமும் கேட்க வந்தேன்" என்றார்.

வழக்கின் வரலாறு நீண்டதன்று. 2021ஆம் ஆண்டிலே பாவித்த மோட்டார் வண்டிகளை வாங்கி விற்கும் வாணிகர் ஒருவரிடம் அவர் ஒரு வண்டி வாங்கினார். சேமிப்பு முழுவதும் போயிற்று. போதாததற்கு வங்கிக் கடனும் சேர்ந்தது. "எஞ்சினிலும் கியரிலும் ஒரு வேலையும் இல்லை, மாஸ்டர். ஒரே கை பாவித்த வண்டி" என்று வாணிகர் வாயாற் சொன்னார். மூன்றாம் வாரத்திலே கியர்ப்பெட்டி பழுதாயிற்று. கராச்சிலே கழற்றிப் பார்த்தவர், இது பல மாதத்துப் பழுதென்றார். வாணிகரோ விற்ற வண்டிக்குத் தமக்குப் பொறுப்பில்லை என்று கைவிரித்தார். வழக்கு நடந்தது. விற்ற அன்று பழுது இருந்ததென்பது நிறுவப்படவில்லை என்று நீதிமன்றம் வழக்கைத் தள்ளிற்று. அவர் என்னிடம் வந்தது தீர்ப்பு வந்த ஒன்பதாம் நாள்.

நான் சட்டங் கற்றவனல்லேன், தமிழ் கற்பிப்பவன். ஆயினும் நீதிமன்றத் தீர்ப்புகளை வாசிப்பதில் எனக்கு நெடுநாளாக ஒரு விருப்பமுண்டு. நல்ல தீர்ப்பொன்று நல்ல உரையாசிரியரின் உரையை ஒத்தது. ஐயத்தை எழுப்பும், தடை கூறும், விடை கூறும், முடிவை நிறுவும். அந்த மாணாக்கர் கேட்ட வினாவுக்கு விடைகாண முயன்றபோது தெளிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றேன். இந்நாளில் இத்துன்பம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே அந்நியச் செலாவணியைக் காக்கும் பொருட்டு அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்தாண்டுக் காலம் நாட்டிலிருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி வந்தன. பழையது பழையதாகவே இருக்க, விலை மட்டும் புதியதாயிற்று. வழி திறந்த பின்னரும் இறக்குமதி வரி மிகவுயர்ந்து நின்றமையால், மாதச் சம்பளத்தில் வாழ்பவர் பாவித்த வண்டியையே நாடினர். ஆதலின், பழுதுள்ள பழைய வண்டியை விற்றவனிடம் சட்டம் எதனை எதிர்பார்க்கிறது, முதல் மன்றிலே தோற்றவனுக்கு மேல்மன்று என்ன செய்யவல்லது என்னும் இரண்டும் பொதுமக்கள் அறியவேண்டிய செய்திகளாயின.

வாங்குவோனும் விற்போனும்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பது நம்மவர் பழமொழி. அப்படியாயின் விலைக்கு வாங்கும் மாட்டுக்குப் பல்லும் பார்க்கலாம், சுழியும் பார்க்கலாம் என்பது பெறப்படும். ஆங்கில நாட்டுச் சட்டமும் நெடுங்காலம் இவ்வழியே நின்றது. வாங்குவோன் விழிப்பாயிருக்கக்கடவன் என்னும் பொருள்படும் இலத்தீன் வாசகம் அங்கு ஒரு சட்டவிதிபோல் வழங்கிற்று.

பண்டை உரோமர் சந்தையிலோ வேறொரு முறையுங் காணப்பட்டது. அடிமைகளும் கால்நடைகளும் விற்கப்பட்ட அச்சந்தைகளை மேற்பார்வை செய்த அதிகாரிகள், விற்பவன் நோயையும் குற்றத்தையும் வெளிப்படக் கூறல் வேண்டுமெனக் கட்டளையிட்டனர். மறைந்த குற்றம் பின்னர் வெளிப்படின், வாங்கியவன் ஆறு மாதத்துள் விற்பனையை முறித்துக்கொள்ளலாம். அல்லது ஓராண்டினுள் விலைக்குறைப்புக் கேட்கலாம். விற்றவன் குற்றத்தை அறிந்திலேன் என்று கூறித் தப்ப முடியாது. மனிதரையே பண்டமாக்கி விற்ற கொடிய சந்தை அது. எனினும் அக்கட்டளையில் அடங்கிய நியாயம் ஒன்று கருதத்தக்கது. நாள்தோறும் அப்பண்டத்தையே கையாள்பவன், ஒருமுறை மட்டும் வாங்க வருபவனிலும் அதனை அறியவல்லவன். அறியவல்லவனே பொறுப்பையுஞ் சுமத்தல் வேண்டும் என்பதே அது.

ஆங்கிலச் சட்டமும் மெல்ல மெல்ல இந்நியாயத்தை நோக்கி நகர்ந்தது. 1893ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம், ஒரு பண்டத்தை விற்பதைத் தொழிலாகக் கொண்டவன் விற்கும்போது, அது விற்பனைக்குரிய தரமுடையதாயும் வாங்குவோன் அறிவித்த தேவைக்குத் தக்கதாயும் இருத்தல் வேண்டுமென்னும் நிபந்தனையை, ஒப்பந்தத்தில் எழுதாவிடினும் உண்டெனக் கொண்டது. மூன்றாண்டு கழித்து, 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமாக இலங்கையும் அதனையே மேற்கொண்டது. நம்முடைய சட்டம் ஆங்கிலச் சட்டத்தின் உடன்பிறப்பாகும். ஆகவே அந்நாட்டு வழக்குகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாவிடினும், ஒரே வாசகத்துக்கு எழுந்த விளக்கங்களென்ற வகையில் நமக்கும் பயன்படுவன.

இரண்டு ஜாகுவார் வண்டிகள்

1965ஆம் ஆண்டிலே சிட்னி மார்க்கஸ் என்னும் வாணிக நிறுவனத்துக்கெதிரான வழக்கொன்று ஆங்கில மேன்முறையீட்டு நீதிமன்றுக்கு வந்தது. பண்டம், பாவித்த ஜாகுவார் வண்டி. அதன் கிளச்சிலே சிறு குறை உண்டென்று விற்கும்போதே வாணிகர் கூறினர். தாமே திருத்திக் கொடுத்தால் 975 பவுண். வாங்குவோர் தாமே திருத்திக்கொள்வதாயின் 950 பவுண். வாங்கியவர் 950 பவுணுக்கு எடுத்துக்கொண்டார். ஏறக்குறைய ஒரு மாதத்தின்பின் கிளச்சைக் கழற்றியபோது குறை எண்ணியதிலும் பெரிது, செலவும் பெரிது என்பது தெரிந்தது. கீழ்மன்று வாங்கியவருக்குச் சார்பாகத் தீர்த்தது. மேல்மன்று அதனை மாற்றிற்று. பாவித்த வண்டியிலே பழுது இன்றோ நாளையோ தோன்றுமென்பதை வாங்குவோன் எதிர்பார்த்தல் வேண்டும்; வண்டி பழுதோடும் ஓடத்தக்கதாகவே இருந்தது; குறையும் முன்னரே சொல்லப்பட்டது. இவையே காரணங்கள்.

மற்றைய வழக்கு ஷானன் மோட்டார் நிறுவனத்தினது. 1974இல் விசாரிக்கப்பட்டு 1975ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் வெளிவந்தது. இதிலும் ஜாகுவார், 1964இற் செய்யப்பட்டது, 82,165 மைல் ஓடியது, 1972 யூலையில் 390 பவுணுக்கு விற்கப்பட்டது. மூன்று வாரங்களில், இரண்டாயிரத்துச் சொச்ச மைல் ஓடியபின், எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. எட்டு வருடப் பழமையும் எண்பதினாயிரம் மைல் ஓட்டமும் உள்ள வண்டியிடம் வேறென்ன எதிர்பார்க்கலாமென்று வாணிகர் வாதித்தனர். ஆனால் வாங்கியவர் பக்கத்தில், அவ்வண்டியை முன்னர் வைத்திருந்தவரே சாட்சியாக வந்து, தாம் அதனை விற்றபோதே எஞ்சின் தேய்ந்தொழிந்திருந்தது என்றார். இரு மன்றுகளிலும் வாங்கியவரே வென்றார்.

இவ்விரு தீர்ப்பையும் அளித்த மன்றுகளில் தலைமை தாங்கியவர் ஒருவரே, டெனிங் பிரபு. வண்டியின் பெயரும் ஒன்றே. முடிவுகள் மட்டும் மாறுபட்டன. இதனை முரணென்று கொள்ளுதல் பிழை. ஒன்றிலே குறை சொல்லி விற்கப்பட்டது, வண்டியும் ஓடத்தக்கதாயிருந்தது. மற்றதிலே எஞ்சின் விற்ற அன்றே சாகுந் தறுவாயில் இருந்தது; அது சாட்சியால் நிறுவப்பட்டது. பின்னர் எப்போது பழுதாயிற்று என்பதைச் சட்டம் கேட்கவில்லை. விற்ற அன்று எந்நிலையில் இருந்தது என்பதையே கேட்டது. பின்னர் நேர்ந்த பழுது அந்நிலையைக் காட்டும் அடையாளமேயன்றி வேறில்லை.

வாய்ச்சொல்லின் எடை

பண்டத்தைப்பற்றி விற்பவன் சொல்லுஞ் சொல்லுக்கும் இவ்வளவையே பொருந்தும். 1957இல் முடிந்த ஒரு வழக்கிலே, வாணிகரல்லாத ஒருவர் புதிய ஹில்மன் வண்டியொன்றைப் பெறும்பொருட்டுத் தம் வீட்டிலிருந்த மொரிஸ் வண்டியை ஓஸ்கார் செஸ் என்னும் வாணிக நிறுவனத்துக்குக் கொடுத்தார். பதிவுப் புத்தகத்திலே 1948ஆம் ஆண்டு வண்டியென்றிருந்தது. அவரும் அதனையே சொன்னார். 290 பவுண் மதிப்பிடப்பட்டது. உண்மையில் அது 1939ஆம் ஆண்டு வண்டி. புத்தகத்தை முன்னர் யாரோ திருத்தியிருந்தனர். வித்தியாசமான 115 பவுணை நிறுவனம் கேட்டது. கீழ்மன்று கொடுக்கச் சொன்னது. மேல்மன்று பெரும்பான்மையோர் தீர்ப்பாற் கொடுக்கவேண்டியதில்லை என்றது. தமக்குத் தெரிந்த வழி அப்புத்தகம் ஒன்றே உடையவர், அதிலுள்ளதைச் சொன்னமையால் உறுதிமொழி அளித்தவராகார் என்பது அதன் கருத்து.

1965இல் வந்த இன்னொரு வழக்கிலே சொன்னவர் வாணிகர். பென்ட்லி வண்டியொன்று, எஞ்சினும் கியர்ப்பெட்டியும் மாற்றியபின் 20,000 மைலே ஓடியதென்றார். உண்மையில் ஏறக்குறைய இலட்சம் மைல் ஓடியிருந்தது. அவர் அறிந்து பொய் சொன்னாரென்று நிறுவ வேண்டியிருக்கவில்லை. உண்மையை விசாரித்தறியும் வசதியுடையவர் விசாரியாது சொன்னார். அதுவே போதுமென்று மேல்மன்றும் வாங்கியவருக்கே தீர்த்தது.

இந்நான்கு வழக்கையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். பழமை குற்றமன்று, பழையதைப் புதியதென எதிர்பார்ப்பதும் நியாயமன்று. அறிந்தோ, அறியவல்லவனாயிருந்தோ ஒருவன் பேசியதற்கும் விற்றதற்கும் அவனே பொறுப்பு. மைல்மானியைத் திருகி எண்ணைக் குறைக்கும் இழிதொழில் உலகெங்கும் நடைபெறும் இக்காலத்தில் இந்நியாயத்தின் தேவை குன்றவில்லை, வளர்ந்துள்ளது. மாட்டின் பல் பொய் சொல்லாது, மைல்மானி சொல்லும்.

மேன்முறையீடு என்பது யாது?

இனி என் மாணாக்கரின் வினாவுக்கு வருவோம். மேற்கூறிய நான்கனுள் இரண்டு தீர்ப்புகள் மேல்மன்றில் மாறின, இரண்டு நிலைத்தன. மாறிய இரண்டிலும் நிகழ்ந்தவை யாவை என்பதிலே பெரும் பிணக்கில்லை. அந்நிகழ்ச்சிகள் சட்டத்தின் கண்ணில் எப்பொருள் தரும் என்பதிலேயே கீழ்மன்று பிழைத்தது. நிலைத்த இரண்டிலுமோ, சாட்சிகளைக் கேட்டுக் கீழ்மன்று கண்ட உண்மைகளை மேல்மன்று ஏற்றுக்கொண்டது. மேன்முறையீட்டின் இயல்பு இதுவே. அது வழக்கை இரண்டாம் முறை நடத்துவதன்று. முதல் நடத்தப்பட்டது முறையோ என்று பார்ப்பது. பரீட்சையிலே தோற்றவன் விடைத்தாளை மீளத் திருத்துமாறு கேட்கலாம். மீண்டும் எழுத விடுங்கள் என்று கேட்கலாகாது.

இன்றைய இங்கிலாந்திலே இவ்வகை வழக்கில் மேன்முறையீட்டுக்கு முதலில் அனுமதி பெறல் வேண்டும். பொதுவாக 21 நாளுள் விண்ணப்பித்தல் வேண்டும். வெற்றிக்கு மெய்யான வாய்ப்பு உண்டென்றேனும், கேட்கத்தக்க வேறு வலிய காரணம் உண்டென்றேனும் காட்டல் வேண்டும். தீர்ப்புப் பிழையானது, அல்லது நடைமுறையிலே நேர்ந்த பெருங்குறையால் அநீதியானது என்று கண்டாலன்றி மேல்மன்று தலையிடாது. இலங்கையிலே மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பை எதிர்ப்பவர், ஞாயிறும் பொது விடுமுறையும் நீங்கலாக 14 நாளுக்குள் அறிவித்தலும், தீர்ப்பு நாளிலிருந்து 60 நாளுக்குள் மனுவும் கொடுத்தல் வேண்டும். 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின்படி அம்மனு மாகாணக் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றுக்குச் செல்லும். அதற்கு மேலும் செல்ல விரும்புவோர் உயர் நீதிமன்றின் அனுமதியைப் பெறல் வேண்டும். நாள் தவறினால் நியாயமுந் தவறும்.

புதிய சான்று கொண்டு செல்லலாமோ எனின், அதற்கும் எல்லை உண்டு. 1954ஆம் ஆண்டு வழக்கொன்றிலே, அப்போதும் டெனிங் அவர்களே, மூன்று நிபந்தனைகளை வகுத்தார். அச்சான்று தக்க முயற்சி செய்தும் முதல் விசாரணைக்குக் கிடைத்திராததாதல் வேண்டும், முடிவை மாற்றவல்ல வலிமையுடையதாதல் வேண்டும், நம்பத்தக்கதாதல் வேண்டும். கையிலிருந்ததைக் காட்ட மறந்தவனுக்கு அம்முதல் நிபந்தனை கதவடைக்கும்.

இவ்விடத்திலே தமிழ் படித்த எவர்க்கும் கண்ணகியின் நினைவு வரும். பாண்டியன் அவையிலே அவள் செய்தது தமிழிலக்கியம் அறிந்த பெரிய மேன்முறையீடு. சிலம்பின் பரல் மாணிக்கமென்று காட்டியது புதிய சான்று. எனினும் அவள் வழக்கின் வலிமை அதனோடு நிற்கவில்லை. கோவலன் வாய்திறந்து தன் பக்கத்தைக் கூற இடம் பெற்றிலன், விசாரணையே நடந்திலது. இன்றைய சட்டமொழியிற் சொன்னால், அது நடைமுறைப் பெருங்குறை. மன்னன் பிழையை உணர்ந்தபோது திருத்த வழியில்லை, உயிர் போயிற்று. அத்தகைய பிழையைக் காலத்தே திருத்தற்கென்றே மேல்மன்றுகள் அமைந்தன. முதல் மன்றிலே பேச இடமிருந்தும் பேசாது விட்டவனுக்காக அவை அமைந்தில.

சட்டத்திலும் ஒரு குறை

அங்ஙனமாயின் குறை முழுவதும் என் மாணாக்கருடையதோ? அன்று. நம்முடைய சட்டத்திலும் ஒரு குறை உண்டு.

உடன்பிறப்பாகிய ஆங்கிலச் சட்டம் அன்று நின்ற இடத்தில் இன்று நிற்கவில்லை. 2015ஆம் ஆண்டு அக்டோபர் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த நுகர்வோர் உரிமைச் சட்டம், வாணிகரிடம் வாங்கிய பண்டம் தரமற்றதாயின் 30 நாளுள் அதனைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறும் உரிமையை அளித்தது. அவ்வாறு திருப்புவோன் குறையைத் தானே நிறுவல் வேண்டும். பண்டத்தைத் திருத்தித் தருமாறு கேட்பவனுக்கோ பெரியதொரு துணையுண்டு. ஆறு மாதத்துள் வெளிப்படும் குறை, வாணிகர் மாறாக நிறுவினாலன்றி, வாங்கிய அன்றே இருந்ததென்று கொள்ளப்படும். ஒருமுறை திருத்தியும் சீராகாவிடின் பண்டத்தைத் திருப்பலாம். அன்றேல் விலைக்குறைப்புப் பெறலாம். அந்த ஆறு மாதத்துள் திருப்பும் பிற பண்டங்களுக்குப் பாவித்த காலத்துக்கென ஒன்றுங் கழிக்கப்படமாட்டாது. மோட்டார் வண்டிக்கு மட்டும் கழிக்கலாமென்று விலக்குங் கூறப்பட்டது. இவையெல்லாம் பாவித்த பண்டத்துக்கும் பொருந்துவன.

நிறுவும் பொறுப்பை மாற்றிய அந்த விதியே இவற்றுள் தலையாயது. மாணாக்கரின் கியர்ப்பெட்டி பழுதானது மூன்றாம் வாரத்திலே. அத்தகைய விதியின் கீழாயின், விற்ற அன்று பழுது இருந்ததில்லை என்று காட்டவேண்டியவர் வாணிகரே. 1896ஆம் ஆண்டு விதியின் கீழோ அது வாங்கியவர் தலையில் விழுந்தது. கராச்சை வைத்திருக்கும் வாணிகர் அறியவல்லவர். கரும்பலகையின் முன் நிற்பவர் அறியவல்லவரல்லர். அறியமாட்டாதவரிடம் சுமையை வைப்பது உரோமச் சந்தையின் அதிகாரிகளுக்கே ஒவ்வாதது.

நமது நாட்டிலும் ஒன்றுஞ் செய்யப்படவில்லை என்று கூறுதல் பொருந்தாது. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நேர்மையற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம், பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வாசகங்களுக்கு வரம்பு கட்டிற்று. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம், கொடுத்த உத்தரவாதத்துக்கு மாறாகப் பண்டம் விற்கப்பட்டதென எழுத்தில் முறையிடலாம்; அதற்குங் காலவரையறை உண்டு. ஆயினும் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் உள்ளத்திலே நூற்றாண்டுக்கு முந்திய சந்தையே இன்னும் குடியிருக்கிறது. சட்டமியற்றுவோர் கருதத்தக்கது இது.

முடிவு

அன்று மாலை மாணாக்கரின் கோவையைப் புரட்டினேன். இடையிலே மடிந்து கிடந்தது ஒரு பற்றுச்சீட்டு. வண்டி வாங்கிய பதினெட்டாம் நாள் கராச்சிலே எழுதியது. பற்சில்லுகள் நெடுநாள் தேய்ந்தவை என்று அதிலே தெளிவாக எழுதிக் கையொப்பமும் இடப்பட்டிருந்தது.

"தம்பி, இது மன்றிலே காட்டப்பட்டதோ?" என்றேன்.

"இல்லை, ஐயா. நான் சொன்னாற் போதும், உண்மைதானே என்று நினைத்தேன். கராச்சுக்காரரையும் கூப்பிடவில்லை. அவருக்கு ஏன் கரைச்சல் என்று விட்டேன்."

எனக்கு மறுமொழி வரவில்லை. அச்சீட்டு ஷானன் வழக்கிலே பழைய சொந்தக்காரர் கூறிய சாட்சிக்கு நிகரானது. முதல் மன்றில் வந்திருப்பின் முடிவு வேறாயிருக்கலாம். இப்போதோ அது புதிய சான்றுமன்று. என்றும் கையிலிருந்த சான்று. காலம் இன்னும் இருந்தமையால் மறுநாட் காலையே சட்டத்தரணியிடம் சென்று, தீர்ப்பிலே சட்டப்பிழை உண்டோ என்று மட்டும் கேட்கும்படி சொல்லி அனுப்பினேன். அவர் சென்றார். தீர்ப்பை முற்றும் வாசித்த சட்டத்தரணி, நீதிபதி தம்முன் வந்ததைக்கொண்டு சரியாகவே தீர்த்தாரென்றும், மேல்மன்றுச் செலவு வண்டியின் விலையையும் விழுங்குமென்றும் சொன்னாராம். மாணாக்கர் மேன்முறையீடு செய்திலர். இன்னும் கடனைக் கட்டி வருகிறார்.

திருவள்ளுவர் துலாக்கோலையும் வாணிகரையும் நடுவுநிலைமை என்னும் ஒரே அதிகாரத்தில் வைத்தார். நீதிமன்றத்துக்கு வேண்டிய நேர்மையே கடைத்தெருவுக்கும் வேண்டுமென்பது அதனாற் பெறப்படும். விற்பவர் அந்நேர்மை உடையவராயின் வழக்கே இல்லை. உடையவரல்லராயின், வாங்குபவரிடம் மற்றொன்று இருத்தல் வேண்டும். விற்பவர் சொன்னதை அன்றே எழுதிக் கையொப்பம் பெறுக. தெரிந்த கராச்சுக்காரரைக் காட்டி வாங்குக. பழுது கண்ட அன்றே எழுத்தில் அறிவிக்க. எழுதியதையெல்லாம் முதல் மன்றிலேயே முன்வைக்க. துலாக்கோல் நடுநின்று நிறுக்கும். ஆனால் தட்டில் இடாததை எந்தத் துலாக்கோலும் நிறுக்கமாட்டாது.